தம்பிக்கு லேப்டாப் வாங்கணும்னா முதல்ல தம்பியைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க

ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. தம்பிக்கு 24 வயசு, பி.காம். முடிச்சுட்டு பக்கத்து ஊரு மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனியில கணக்கு எழுதிக்கிட்டிருந்தாப்ல, ரெண்டு வருஷமா பார்வை குறைஞ்சுக்கிட்டே வந்து இப்ப வெளிச்சம் எங்கிட்டு இருக்குன்னு மட்டும்தான் தெரியுதாம், மதுரை டாக்டரும் இனிமே இதுக்கு மேல எதிர்பாக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. தம்பிக்கு மறுபடியும் கணக்கு வேலைக்குப் போகணும்னு ஆசை. கடைக்காரர் 60,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டுறாரு, சவுதியில இருக்க மச்சான் மேக்புக் வாங்கிட்டு வர்றேங்கிறாரு, இன்னொருத்தர் ஜாஸ்னு ஒரு சாப்ட்வேர் காசு குடுத்து வாங்கினாத்தான் ஆச்சுங்கிறாரு. "எதை வாங்குறதுண்ணே, தம்பிக்குத் தெரியாம வாங்கி சர்ப்ரைஸா குடுக்கணும்"னு முடிச்சிருக்காங்க.

சர்ப்ரைஸ் வேணாம் தங்கச்சி. செருப்பு வாங்குறதுக்கே காலைக் கொண்டு போயி போட்டுப் பாக்குறோம்ல, இது அவரு விரலும் காதும் தினம் பத்து மணி நேரம் கெடக்கப் போற எடம். எனக்கு ஒம்பது வயசுலேர்ந்து பார்வை கிடையாது, உச்சிப்புளிக்காரன், 15 வருஷமா கம்ப்யூட்டரை வச்சுத்தான் பொழப்பு, அந்த அனுபவத்துல சொல்றேன், என் மொத லேப்டாப்ப எங்க மாமா இப்படித்தான் ஆசையா வாங்கிட்டு வந்து மடியில வச்சாரு, பளபளன்னு பெரிய ஸ்கிரீன், எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாக, எனக்கு மட்டும் அது ஒரு பேசாத பலகை. கடைக்காரன் காப்பியடிச்ச விண்டோஸ் போட்டுக் குடுத்திருக்கான், அதுல இடம் மிச்சம் பண்றேன்னு, ஸ்கிரீன்ல இருக்கதைப் படிச்சுச் சொல்ற நரேட்டரையே தூக்கிட்டானுக. ரெண்டு நாள் நான் அதைத் தடவிக்கிட்டே இருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முதல்ல ஸ்கிரீன் ரீடர், அதாவது ஸ்கிரீன்ல இருக்கதைக் குரல்ல படிச்சுச் சொல்ற சாப்ட்வேர், ஜாஸும் அதுல ஒண்ணுதான், ஏன்னா அது எதுன்னு முடிவு பண்ணிட்டா மெஷின் பாதி முடிவாயிரும்.

தம்பிக்கு என்விடிஏ போதும். முழுப்பேரு நான்விஷுவல் டெஸ்க்டாப் ஆக்சஸ், ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு ஒருத்தரு 2006-ல ஆரம்பிச்சாரு, அப்புறம் ஜேம்ஸ் டேன்னு இன்னொருத்தர் சேந்தாரு, ரெண்டு பேருக்குமே பார்வை கிடையாது. காசு குடுத்து வாங்க முடியாதவனுக்கு கம்ப்யூட்டர் கிடையாதான்னு கேட்டு ஆரம்பிச்ச வேலை அது. சுத்தமா இலவசம், அவங்க சைட்லேர்ந்து நேரா எறக்கிக்கலாம், இத்தனை நாள் ட்ரையல்னு எதுவும் கிடையாது. இலவசம்னா ஏதோ ரெண்டாந்தரம்னு நெனைக்காதீங்க, வேர்டு, எக்செல், குரோம், ஜிமெயில், வாட்ஸப் இதெல்லாம் நான் நாள் பூரா இதுலதான் ஓட்டுறேன்.

ஜாஸ் நல்லதா? நல்லதுதான், பொய் சொல்ல மாட்டேன். டெட் ஹென்டர்னு அமெரிக்காவுல ஒரு மோட்டார் சைக்கிள் ரேஸ்காரர், விபத்துல பார்வை போன பெறகு புரோகிராமிங் படிச்சு ஆரம்பிச்சது, விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துலேர்ந்து இருக்கு. சில பெரிய ஆபீஸ்ல அவங்களுக்குன்னு செஞ்சு வச்சிருக்க சாப்ட்வேர்ல ஜாஸுக்கு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுவாங்க, அங்க வேலைக்குப் போனா அந்த ஆபீஸே வாங்கிக் குடுக்கணும், நம்ம கைக்காசைப் போட வேண்டிய எடமில்ல. பாத்துப் பழகணும்னா லைசென்ஸ் இல்லாமலே 40 நிமிஷம் ஓடும், அப்புறம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி 40 நிமிஷம். ஆனா ஒண்ணு, யாராவது "ஜாஸ் கிராக் இருக்கு, 500 ரூபா குடு போட்டுத் தர்றேன்"னு வருவாங்க, வாசல்லயே அனுப்பிருங்க. நான் ஒரு தடவை ஏமாந்தேன், ஜாஸ் பேசுச்சு, கூடவே வேற எவனோ உள்ள உக்காந்து என் பைல் எல்லாத்தையும் பூட்டிட்டான்.

மச்சானோட மேக்புக் பத்தி. வாய்ஸ்ஓவர்னு ஸ்கிரீன் ரீடர் உள்ளயே வருது, 2005-லேர்ந்து இருக்கு, கமாண்டும் எஃப்5-ம் சேத்து அமுக்குனா பேச ஆரம்பிச்சிரும், தரமான சாமான்தான். எனக்கு இருக்க யோசனை வேற. தம்பிக்கு ஒரு சந்தேகம்னா நம்ம பக்கம் யாருகிட்ட கேப்பாப்ல? எனக்குத் தெரிஞ்சு ராமேஸ்வரத்துலேர்ந்து தொண்டி வரைக்கும் கம்ப்யூட்டர் வச்சிருக்க பார்வையில்லாத ஆளுக எல்லாரும் விண்டோஸ்தான், என்விடிஏதான். கீபோர்டு கட்டளை பூரா மேக்ல வேற. ரிப்பேர்னா வேற மதுரை, சென்னைன்னு அலையணும். போற எடமும் கணக்கு ஆபீஸ், அங்க இருக்கதும் விண்டோஸ். மச்சானுக்கு மனசு நோகாம சொல்லணும்னா நல்ல இயர்போன் ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, அதை எந்த மாதிரின்னு கீழ சொல்றேன்.

விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ்ல ஆர்கான்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் இருக்கு, இலவசம். ஆசைப்பட்டா ரெண்டு வருஷம் கழிச்சு விளையாடிப் பாக்கட்டும்.

விண்டோஸ்லயே இருக்க நரேட்டரையும் மறந்துராதீங்க. விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூணையும் சேத்து அமுக்குனா எந்த ஒரிஜினல் விண்டோஸ் மெஷினும் பேசும், டப்பாவைப் பிரிச்சு மொத மொதல்ல ஆன் பண்ணி மொழி எது, பாஸ்வேர்டு எதுன்னு கேக்குமே, அந்த எடத்துலேர்ந்தே பேசும். அதனால அந்த மொத செட்டப்பையே தம்பி கையால பண்ண விடுங்க. நீங்க பக்கத்துல உக்காருங்க, ஆனா கையை மடியில வச்சுக்கங்க.

இப்ப மெஷின். கடைக்காரர் காட்டுற கேமிங் லேப்டாப்ல நீங்க குடுக்குற காசு எதுக்குப் போகுதுன்னு பாருங்க, கிராபிக்ஸ் கார்டு, பளிச்சுன்னு ஸ்கிரீன், கீபோர்டுக்கு அடியில கலர் கலரா லைட்டு. மூணும் தம்பிக்கு உப்புக்கு ஆகாது. அதோட ரெண்டரை கிலோ வெயிட்டு, ஃபேன் வேற ஜெனரேட்டர் மாதிரி ஓடும், அந்தச் சத்தத்துல ஸ்கிரீன் ரீடர் பேசுறதைக் கேக்கவே எரிச்சலா இருக்கும்.

காசை எங்க போடணும்னா, மொதல்ல எஸ்எஸ்டி, பைலெல்லாம் சட்டுன்னு திறக்குற புது மாதிரி டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்க மெஷின் எவ்வளவு சல்லிசா வந்தாலும் வேணாம். பார்வை உள்ளவுகளுக்கு மெஷின் மெதுவா இருந்தா ஒரு வட்டம் சுத்துறது தெரியும், சரி திறந்துக்கிட்டிருக்குன்னு காத்திருப்பாக, எங்களுக்கு அந்த நேரத்துல ஒண்ணுமே கேக்காது, நாம தப்பா அமுக்கிட்டோமோன்னு மறுபடி அமுக்குவோம், அது ரெண்டு மூணா திறந்து நிக்கும், அப்புறம் எதுல இருக்கோம்னு தேடணும். மெதுவான மெஷின்ல பழகுற புது ஆளு தப்பு தன்மேலதான்னு நெனச்சுக்கிட்டு விட்டுட்டுப் போனதை நான் ரெண்டு மூணு பேருகிட்ட பாத்திருக்கேன். ரேம் 8 ஜிபி, 16 கெடைச்சா சந்தோஷம். புராசசர் ஐ3 இல்ல ரைசன் 3 தாராளமா போதும்.

விண்டோஸ் 11 ஓடணும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டை முடிச்சிட்டாங்க. விண்டோஸ் 7 மெஷின் எவராவது சும்மா குடுத்தாலும் அதுல 2024.1-லேர்ந்து வந்த எந்த என்விடிஏவும் ஏறாது. செகண்ட் ஹேண்ட் வாங்குறதுன்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறை இல்ல அதுக்கு மேல இருக்கான்னு பாருங்க, அதுக்குக் கீழன்னா முறைப்படி விண்டோஸ் 11 கெடையாது. கம்பெனிகள்ல ஓட்டிட்டுக் கழிச்சு விடுற திங்க்பேட், லேட்டிட்யூட் மாதிரி மாடல்கள் மதுரையில, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்கும், நானே ரெண்டாவதா அப்படித்தான் வாங்கினேன், ஒரு 20,000 ரூபாய் சுத்துல முடிஞ்சுது. அதோட கீபோர்டு மாதிரி 60,000 ரூபா லேப்டாப்லயும் கெடைக்கல.

புதுசா வாங்குறதுன்னா மூணு எடத்துல கண்ணி இருக்கு. டாஸ் லேப்டாப்னு விலை கம்மியா சொல்லுவாங்க, அதுல விண்டோஸே இருக்காது, கடைக்காரன் காப்பி விண்டோஸ் ஏத்தித் தருவான், என் கதை திரும்பவும் நடக்கும். எஸ் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அதுல ஸ்டோரைத் தவிர வெளியிலேர்ந்து எதையும் ஏத்த விடாது, என்விடிஏவும் ஏறாது, பயப்பட வேணாம், எஸ் மோடுலேர்ந்து வெளிய வர்றதுக்குக் காசு கெடையாது, ஆனா வந்துட்டா திரும்பிப் போக முடியாது, போகவும் வேண்டியதில்ல. மூணாவது குரோம்புக், பாக்க லேப்டாப் மாதிரியே இருக்கும், விலையும் கம்மி, அதுல என்விடிஏ வராது, அதோட சொந்த ரீடர் மட்டும்தான்.

கீபோர்டு. இதுக்குத்தான் தம்பி நேர்ல வரணும்னு நான் அடிச்சு சொல்றது. நாங்க படிக்கிறதே அம்புக்குறி கீயிலதான், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை மேல கீழ, எழுத்து எழுத்தா, வரி வரியா. இப்ப வர்ற பல லேப்டாப்ல மேலம்பும் கீழம்பும் பாதியாக் குறுக்கி ஒரே கீ எடத்துல ரெண்டையும் திணிச்சு வச்சிருப்பான், விரல் வச்சா எது எதுன்னே தெரியாது. ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் தனியா இருக்கா, இல்ல எஃப்என் சேத்து அமுக்கணுமான்னு தடவிப் பாக்கச் சொல்லுங்க. என்விடிஏ கட்டளைகளுக்குக் கூடச் சேத்து அமுக்குற இன்சர்ட் கீ பல லேப்டாப்ல எங்கயோ ஒளிஞ்சு கெடக்கும், அது பரவால்ல, என்விடிஏ மொத தடவை திறக்கும்போதே கேப்ஸ் லாக்கை அதுக்குப் பதிலா வச்சுக்கலாமான்னு கேக்கும், டிக் பண்ணிரலாம்.

எனக்கு ரொம்பக் கடுப்பு ஏத்துற விஷயம் பவர் பட்டன். முன்னெல்லாம் அது தனியா ஓரத்துல இருக்கும், இப்ப கீபோர்டுக்குள்ளயே, டிலீட் கீக்கு ஒட்டுனாப்ல, அதே சைஸ்ல, அதே ஒசரத்துல வச்சிருக்கான். எங்க ஆபீஸ்ல ஒரு லெட்டர் முக்கால்வாசி அடிச்சிட்டு ஒரு எழுத்தை அழிக்கலாம்னு டிலீட் பக்கம் விரலைக் கொண்டு போனேன், அமைதி. மெஷின் தூங்கிருச்சு. அன்னைக்கு மட்டும் நாலு தடவை. அப்புறம் செட்டிங்ஸ்ல பவர் பட்டனை அமுக்குனா ஒண்ணும் செய்யாதேன்னு மாத்தி வச்சேன், அது மேல எங்கம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை ஒட்டுனேன். பொட்டு நல்ல சாமான் தங்கச்சி, கல்லு வச்ச பொட்டுன்னா இன்னும் நல்லது, எஃப்5, எஃப்9, என்டர்னு தம்பிக்கு வேணுங்கிற கீயில ஒண்ணொண்ணு ஒட்டி விடுங்க. எஃப், ஜே ரெண்டுலயும் கம்பெனியே சின்ன மேடு வச்சிருப்பான், செகண்ட் ஹேண்ட்ல அது தேஞ்சிருக்கான்னு பாருங்க.

வீட்டுல வைக்க தனியா ஒரு யூஎஸ்பி கீபோர்டு, வலப்பக்கம் நம்பர் பேடு இருக்க பெரிய சைஸ், வாங்கிக்கங்க, 500, 600 ரூபாய்க்குக் கெடைக்கும். தம்பிக்கு கணக்கு வேலைங்கிறதால நம்பர் பேடு ரொம்பவே முக்கியம், நடுவுல 5-ல மேடு இருக்கும், அதை வச்சு எல்லா நம்பரையும் பிடிச்சிரலாம், நண்டு எடை போடப் போட கிலோவை அடிச்சுக்கிட்டே போகலாம்.

டச்பேடை அணைச்சு வைங்க, இல்லேன்னா டைப் அடிக்கிறப்ப உள்ளங்கை பட்டு கர்சர் எங்கயாவது ஓடிரும். டச் ஸ்கிரீனுக்குக் காசு போடாதீங்க. ஸ்கிரீன் 14 இன்ச் போதும், அதையும் நாங்க மூடியே வச்சுக்கிறோம், என்விடிஏல ஸ்கிரீன் கர்ட்டன்னு ஒண்ணு இருக்கு, போட்டுட்டா ஸ்கிரீன் கருப்பாயிரும், பக்கத்துல உக்காந்திருக்கவுகளுக்கு நாம என்ன படிக்கிறோம்னு தெரியாது. எங்க அப்பத்தா ஒரு நாள் பாத்துட்டு, "கரண்டே இல்லாம இம்புட்டு நேரமா என்னத்தடா தட்டிக்கிட்டிருக்க"ன்னு கேட்டுச்சு.

டெஸ்க்டாப்பா லேப்டாப்பான்னு கேட்டா நம்ம கடக்கரைக்கு லேப்டாப்தான். வாடைக்காத்து வீசுற மாசத்துல கரண்டு எப்ப போகும்னு யாருக்குத் தெரியும், டெஸ்க்டாப்னா அடிச்சதெல்லாம் போச்சு. எங்களுக்கு அதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பேச்சு திடீர்னு நின்னா அது கரண்டு போனதாலயா, சவுண்டு போனதாலயா, என்விடிஏ தொங்கிருச்சான்னு கண்டுபிடிக்கணும். மொதல்ல சீலிங் ஃபேனைக் கேப்பேன். ஃபேன் ஓடுதுன்னா கண்ட்ரோல், ஆல்ட், என் மூணையும் அமுக்குவேன், என்விடிஏ புதுசா எந்திரிக்கும். அதுக்கும் சத்தம் இல்லேன்னா நரேட்டரைக் கூப்பிடுவேன். அதுவும் பேசலேன்னா இயர்போன் கழண்டு கெடக்கும், பத்துல எட்டு தடவை அதுதான்.

உப்புக்காத்து நம்ம பக்கத்து வில்லன். பாம்பன்ல எங்க சித்தி வீட்டுல கடலைப் பாத்த ஜன்னலுக்குக் கீழ ஒரு மழைக்காலம் பூரா லேப்டாப்பை வச்சிருந்தேன், யூஎஸ்பி ஓட்டைக்குள்ள பச்சையாப் பூத்துப்போச்சு, இடது பக்கம் நாலு கீ அமுக்குனா அமுங்குது, எந்திரிக்க மாட்டேங்குது. ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, வேலை முடிஞ்சு சூடு ஆறுன பெறகு இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, செருப்பு டப்பா, மருந்து டப்பாவுல வருமே சிலிக்கா பொட்டலம், அதுல நாலஞ்சைப் போட்டு மூடி வைங்க. கருவாடு காய்ற முற்றத்துல உக்காந்து வேலை பாக்க வேணாம்னு தனியா சொல்லணுமா!

இயர்போன். கம்பி வச்சதுதான், 3.5 ஜாக். ப்ளூடூத்துல கீ அமுக்குனதுக்கும் குரல் வர்றதுக்கும் நடுவுல ஒரு சின்ன இழுவை இருக்கும், பாட்டுக் கேக்கத் தெரியாது, எழுத்து எழுத்தா அடிக்கிறப்ப கொன்னுரும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தூங்கிட்டு அடுத்த வார்த்தையோட மொத அசையை முழுங்கிரும், "நூத்தி இருபது" "இருபது"ன்னு கேட்டா கணக்கு என்னாகும்? ஒரு காதுல மட்டும் போட்டுப் பழகச் சொல்லுங்க, இன்னொரு காது வீட்டுக்கு, தெருவுக்கு.

குரல் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். என்விடிஏவோட ஈஸ்பீக்னு ஒரு குரல் வருது, தமிழும் பேசும், இங்கிலீஷும் பேசும். மொத நாள் கேட்டா தகர டப்பாக்குள்ள உக்காந்து ஒருத்தன் பேசுற மாதிரி இருக்கும், தம்பி கண்டிப்பா "இதை மாத்து"ன்னு சொல்லுவாப்ல. மாத்தலாம், விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஸ்பீச் போயி தமிழ்க் குரலைச் சேத்தா வள்ளுவர்னு ஒரு ஆம்பளக் குரல் வரும், ஆமா பேரே அதான், அதை என்விடிஏல ஒன்கோர் வாய்ஸஸ்ல தேர்ந்தெடுத்துக்கலாம், கேக்க மனுஷக் குரல் மாதிரி இருக்கும். ஆனா எனக்குப் பழக்கம் ஈஸ்பீக்தான், ஏன்னா அமுக்குன நொடியில பேசும், எவ்வளவு வேகமா விட்டாலும் வார்த்தை கொழையாது. இனிமையான குரலை வேகமாக்குனா கஞ்சி மாதிரி ஆயிரும். ரெண்டு மூணு மாசத்துல தம்பி ஓட்டுற வேகத்தைக் கேட்டா உங்களுக்கு ஒரு வார்த்தை வெளங்காது, அதுவரைக்கும் பையப் பைய ஏத்தட்டும்.

இங்கிலீஷுக்கு மட்டும்னு இருக்க குரல் தமிழ் எழுத்து வந்தா பல நேரம் வாயே திறக்காது, பக்கம் காலியா இருக்குன்னு நெனச்சிருவோம். அதுக்கு நான் என்விடிஏல தமிழுக்குத் தனியா ஒரு புரொபைல் செஞ்சு, அதுக்கு ஒரு கீயும் ஒதுக்கி வச்சிருக்கேன், தமிழ்ப் பக்கம் வந்தா அதைத் தட்டுவேன்.

இன்னொரு தமிழ்ச் சிக்கல், இதை யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. பழைய பைல்கள்ல பாமினி, வானவில்னு எழுத்துரு இருக்கும், கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ள இருக்கது இங்கிலீஷ் எழுத்து. பாமினியில "தமிழ்"னு இருக்க எடத்துல அம்புக்குறியை நகத்துனா ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு படிக்கும். தம்பிக்கு ஆபீஸ்ல அப்படி ஒரு பைல் வந்தா கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனைக்க வேணாம், என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு உள்ளயும் தமிழ் எழுத்தாவே இருக்க யூனிகோடா மாத்திக்கிட்டாப் போதும். ஸ்கேன் பண்ணி அனுப்புற பிடிஎஃப்ல எழுத்தே கெடையாது, வெறும் படம், இங்கிலீஷ்னா கேப்ஸ் லாக்கும் ஆர்-ம் அமுக்குனா என்விடிஏ படிக்கும், தமிழ்னா கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸா திறங்க, எழுத்தாயிரும், அங்கங்க தப்பு இருக்கும்.

தமிழ்ல அடிக்க தமிழ்99 கீபோர்டு முறையைக் கத்துக்கச் சொல்லுங்க. தங்கிலீஷ்ல அடிச்சா தமிழாகுற முறை பார்வை உள்ளவுகளுக்கு சுலபம், எழுத்து மாறுறதைப் பாத்துக்கிட்டே அடிப்பாக, எங்களுக்கு நடுவுல அது என்னவா மாறுச்சுன்னு காதுல சரியா வராது. தமிழ்99-ல இடது கையில உயிர், வலது கையில மெய். எஃப் மேட்டுல புள்ளி, ஜே மேட்டுல ப. இருட்டுல உக்காந்து யோசிச்சவன் செஞ்சது மாதிரி இருக்கும். அ ஒரு தடவை, ப ரெண்டு தடவை, ஆ ஒரு தடவை, அம்புட்டுதான், "அப்பா" வந்துரும், புள்ளி தானா விழும். விண்டோஸ் 11-லயே இது இருக்கு.

கணக்கு வேலைக்கு எக்செல் நல்லா ஓடும், ஒவ்வொரு கட்டத்துக்கும் பேரும் உள்ள இருக்கதும் சொல்லும். டாலிங்கிற கணக்கு சாப்ட்வேர்தான் வேணும்னு கம்பெனியில சொன்னா காசு கட்டுறதுக்கு முன்னாடி அதோட எஜுகேஷனல் மோடை ஏத்தி, தம்பி போடப் போற அந்த என்ட்ரியையே ஒண்ணு போட்டுப் பாக்கட்டும், எது பேசுது, எது பேசலைன்னு அப்பவே தெரிஞ்சிரும்.

இப்ப கடைக்குப் போற நாள். என்விடிஏவை ஏதாவது ஒரு கம்ப்யூட்டர்ல ஓட விட்டு, மெனுவுல டூல்ஸ்ல போர்ட்டபிள் காப்பின்னு இருக்கும், அதை ஒரு பென் டிரைவ்ல போட்டு எடுத்துக்கங்க. கடையில எந்த மெஷின்லயும் ஏத்தாமலே ஓடும். கடைக்காரர் "வைரஸ் வந்துரும்"னு முறைப்பாரு, "வாங்கப் போறோம், பேசுதான்னு பாக்கணும்"னு சொல்லுங்க. தம்பியை உக்கார வைங்க. கேப்ஸ் லாக்கும் 1-ம் அமுக்குனா என்ன கீ தட்டுனாலும் அதோட பேரை மட்டும் சொல்லும், வேற ஒண்ணும் செய்யாது, ஒரு பத்து நிமிஷம் கீபோர்டு பூரா தட்டிப் பாக்கட்டும். அப்புறம் நோட்பேடைத் திறந்து அஞ்சாறு வரி அடிக்கட்டும். மொத வார்த்தை முழுங்குதா, ஃபேன் இரையுதா, விரல் எங்கயாவது தடுக்குதா, அவரு சொல்றதுதான் தீர்ப்பு. கடைக்காரர் உங்க மொகத்தைப் பாத்தே பேசுவாரு, நீங்க பதில் சொல்லாதீங்க.

சர்வீஸுக்குக் குடுக்குறப்ப ஒரு சீட்டு எழுதி ஒட்டிருங்க. ஒரு தடவை சர்வீஸுக்குப் போன என் மெஷின் ஊமையா வந்துச்சு. போன் போட்டா, "அண்ணே உங்க சிஸ்டத்துல ஏதோ பேசுற வைரஸ் இருந்துச்சு, நானே எடுத்து விட்டுட்டேன்"னு சந்தோஷமா சொல்றாப்ல.

கத்துக்கிறதுக்கு மதுரை சுந்தரராஜன்பட்டியில இந்திய பார்வையற்றோர் சங்கம் இருக்கு, அங்க விசாரிங்க, பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுலேர்ந்து ரயிலும் மறுபடி உங்க பக்கம் வருது, பார்வையில்லாதவுகளுக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் பெரும்பாலான வகுப்புகள்ல முக்கால்வாசி கட்டணச் சலுகை உண்டு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்க மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல யூடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோட உதவிக்கு எழுதிக் குடுங்க, வந்தா வரட்டும், அதுக்காக வாங்குறதைத் தள்ளிப் போடாதீங்க. படிக்க சுகம்ய புஸ்தகாலயான்னு ஆன்லைன் நூலகம் 2016-லேர்ந்து இருக்கு, தமிழ்ப் புத்தகமும் உண்டு. மதுரைக்கு அடிக்கடி போக முடியலேன்னா என்விடிஏ 2025.1-லேர்ந்து ரிமோட் ஆக்சஸ் உள்ளயே வருது, தம்பி அங்க உக்காந்து பாஸ்வேர்டு மாதிரி ஒரு கீயைச் சொன்னா நான் உச்சிப்புளியிலேர்ந்து அந்த மெஷினுக்குள்ள வந்து, அது பேசுறதை இங்க கேட்டுக்கிட்டே சரி பண்ணலாம். சாயங்காலம் ஆறரைக்கு மேல நான் சும்மாதான் இருப்பேன்.

பென் டிரைவ்ல போடுறது எப்படின்னு கொழப்பமா இருந்தா சொல்லுங்க, 8 ஜிபியில ஒண்ணு போட்டு ராமேஸ்வரம் பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்து விடுறேன், தங்கச்சிமடம் ஸ்டாப்புல தம்பியையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.